அம்மாவின் மடக்கு நாற்காலி எந்த விமானத்தில் ஏறும்?

அம்மாவின் மடக்குச் சக்கர நாற்காலி 11 கிலோ. கால் தாங்கிகளைக் கழற்றி, முதுகுச் சட்டத்தை மடித்துவிட்டால் 74 செ.மீ. நீளம், 51 செ.மீ. உயரம், 27 செ.மீ. தடிமன். இந்த நான்கு எண்களும் எனக்கு மனப்பாடம். கடந்த சில ஆண்டுகளாக எந்த நான்கு இருக்கை விமானத்தின் பக்கத்தில் நின்றாலும், என் கை முதலில் பைக்குள் இருக்கும் அளவு நாடாவைத்தான் தேடுகிறது. எஞ்சின் எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் அப்புறம்தான் கேட்பேன்.

நாங்கள் நான்கு பேர். நான் விமானம் ஓட்டுகிறவள், 62 கிலோ, 163 செ.மீ. உயரம். என் கணவர் 88 கிலோ, 183 செ.மீ. அம்மா 71 கிலோ, இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். நாற்காலி இல்லாமல் கொஞ்ச தூரம் நடப்பார், படி ஏறுவதுதான் கஷ்டம். மகன் 54 கிலோ, மாதாமாதம் கூடிக்கொண்டிருக்கிறான். ஆட்கள் மட்டும் 275 கிலோ. நாற்காலியும் மற்ற பைகளும் சேர்ந்து 34. ஆக மொத்தம் 309 கிலோ. இந்த 309 கிலோவை வைத்துக்கொண்டுதான் கீழே சொல்லும் விமானங்களை எல்லாம் பார்த்தேன். சிலவற்றை நானே ஓட்டியிருக்கிறேன். சிலவற்றில் நால்வரும் தரையில் ஏறி உட்கார்ந்து, சாமான் வைத்து, இறங்கிப் பார்த்தோம். எஞ்சினைத் தொடாமல் செய்யும் அந்த ஒத்திகையில், பறந்து பார்ப்பதைவிட அதிகம் தெரிந்துகொண்டேன்.

முதலில் எல்லோருக்கும் பழக்கமான செஸ்னா 172. 1956-இல் தயாரிக்கத் தொடங்கினார்கள், 44,000-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். உலகத்தில் வேறெந்த விமானமும் இத்தனை எண்ணிக்கையில் உருவானதில்லை. நான் அதிகம் ஓட்டியது 172எஸ் வகை. கேபினின் உள் அகலம் சுமார் 100 செ.மீ. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தால் தோளோடு தோள் உரசும். ஒருவர் வரைபடத்தை விரித்தால் மற்றவர் ஒதுங்க வேண்டும். குறுகலான விமானம் என்று அதைச் சொல்வது நியாயம்தான். ஆனால் இரண்டு பக்கமும் கதவு உண்டு, இறக்கை தலைக்கு மேலே இருக்கிறது, தரையிலிருந்து ஒரே படியில் காலை வைத்து ஏறிவிடலாம். கதவின் அடிப்பக்க அகலம் சுமார் 94 செ.மீ. அம்மா இருக்கையைப் பிடித்துக்கொண்டு, முதலில் பின்பக்கத்தை இருக்கையில் வைத்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ள முடிகிறது. காரில் ஏறும் அதே முறை. முதல் முறை ஏறி உட்கார்ந்ததும், "இது பரவாயில்லைடி, நம்ம வண்டி மாதிரிதான் இருக்கு" என்றார்.

ஆனால் அது முன் இருக்கை. பின் இருக்கைக்குப் போக முன் இருக்கையை முன்னால் தள்ளி, முதுகைச் சாய்த்து, இடுக்கில் நுழைந்து, உடம்பைத் திருப்பி உட்கார வேண்டும். அம்மாவால் அது முடியாது. அதனால் 172-இல் அம்மாவின் இடம் எனக்கு வலது பக்கம், முன்னால். அப்போது என் கணவர் பின்னால் போகிறார். இங்கேதான் வெறும் இட வசதியாகத் தெரிந்த விஷயம் விமானத்தின் சமநிலைக் கணக்காக மாறுகிறது.

172எஸ்-இன் கணக்கில் தூரங்களை எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தீத்தடுப்புச் சுவரிலிருந்து அளக்கிறார்கள். முன் இருக்கை 94 செ.மீ.-இல், பின் இருக்கை 185-இல், சாமான் அறையின் முன்பகுதி 241-இல், அதன் பின்பகுதி 312-இல். முழு எடையின் மையம் 120 செ.மீ.-ஐத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. நான் ஓட்டும் விமானத்தின் வெற்று எடை 770 கிலோ, அதன் மையம் 103-இல். அதிகபட்ச எடை 1157 கிலோ. எங்கள் 309 கிலோவை ஏற்றினால் எரிபொருளுக்கு மிஞ்சுவது 78 கிலோ. கணவர் முன்னால், அம்மா பின்னால் என்று வைத்தால் மையம் 116-இல் வருகிறது. அம்மாவை முன்னால் கொண்டுவந்து கணவரைப் பின்னால் அனுப்பினால் 117.4. சாமானில் 20 கிலோவைப் பின்பகுதிக்குத் தள்ளினால் 118.6. இன்னும் எல்லைக்குள்தான். ஆனால் மிச்சம் இருப்பது ஒன்றரை செ.மீ.கூட இல்லை. மையம் பின்னால் போகப் போக மூக்கை ஏற்ற இறக்க ஓட்டும் பிடியில் தேவைப்படும் விசை குறைகிறது, இறக்கை தூக்கும் விசையை இழந்து விமானம் ஸ்டால் ஆகிவிட்டால் மீட்பது கடினமாகிறது. அம்மாவின் முழங்காலுக்காகச் செய்த மாற்றம் வால் பக்கத்தில் போய்த் தெரிகிறது. இதைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகு, நாற்காலியைக் கூடியவரை முன்பகுதியில் வைப்பது எங்கள் பழக்கமாகிவிட்டது.

அந்த 78 கிலோ எரிபொருள் என்பது சுமார் 108 லிட்டர். முழு டேங்கில் பயன்படுத்தக்கூடியது 200 லிட்டர், அதாவது 144 கிலோ. அதை முழுக்க நிரப்பினால் ஆட்களுக்கும் சாமானுக்குமாக 243 கிலோதான் மிஞ்சும். நாங்கள் நால்வர் மட்டுமே 275. இருக்கை நான்கு இருப்பதால் நான்கு பேரும் முழு டேங்கும் சாமானும் ஒன்றாக ஏறலாம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். ஏறாது. மணிக்கு 34 லிட்டர் செலவென்று வைத்து, 45 நிமிடக் கையிருப்பை ஒதுக்கினால், 108 லிட்டரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் பறக்கலாம். எங்களுக்கு அது போதும். அம்மாவுக்கும் அதற்கு மேல் ஒரே இருக்கையில் உட்கார முடியாது. ஒரு சிரமம் உண்டு. டேங்கின் வாய்க்குக் கீழே இருக்கும் தகடு வரை நிரப்பினால் இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 132 லிட்டர் வரும். எங்களுக்கு வேண்டியது அதற்கும் கீழே. அதனால் ஏணி வைத்து ஏறி, அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். முன்னால் ஓட்டியவர் நிரப்பி வைத்துவிட்டுப் போனால் அன்றைக்கு எங்கள் பயணம் இல்லை.

172-இன் சாமான் அறை இடது பக்கம். கதவு 39 செ.மீ. அகலம், உயரம் முன்பக்கம் 56, பின்பக்கம் 53. நாற்காலி 51. நிமிர்த்திப் பிடித்து, நீளவாக்கில் உள்ளே தள்ளி, வால் பக்கமாகத் திருப்பினால் ஒரு விரற்கடை இடைவெளியில் போய்விடுகிறது. முதல் முறை அது உள்ளே போனபோது எனக்கு உண்மையாகவே கண் கலங்கியது. அதற்கு முந்தைய நாற்காலி பெரியது, எப்படித் திருப்பினாலும் போகவில்லை. அதை வைத்துவிட்டுப் போன பயணத்தில், இறங்கிய இடத்தில் அம்மா அரை மணி நேரம் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். இந்தச் சின்ன நாற்காலியை வாங்கியதே 172-இன் கதவை அளந்த பிறகுதான்.

இங்கே கன அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 172-இன் சாமான் அறை 30 கன அடி, கிட்டத்தட்ட 850 லிட்டர் இடம். பார்த்தால் பெரிய அலமாரி மாதிரி இருக்கும். ஆனால் அதில் வைக்கக்கூடியது மொத்தம் 54 கிலோ. பின்பகுதியில் 23 கிலோவுக்கு மேல் கூடாது, அதுவும் அந்த 54-க்குள் அடக்கம். பைப்பர் ஆர்ச்சரின் சாமான் அறை 24 கன அடி, சுமார் 680 லிட்டர். பார்வைக்குச் சிறியது, ஆனால் 91 கிலோ தாங்கும். தலையணை, கம்பளி, உடைகள் என்று பருமனாக இருந்து எடை குறைந்தவை உங்கள் சாமான் என்றால் செஸ்னா. கருவிப் பெட்டி, தண்ணீர், புத்தகம் என்றால் ஆர்ச்சர். விளம்பரத் தாளில் கன அளவைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். எத்தனை கிலோ என்பதைக் கையேட்டில் போய்த் தேட வேண்டியிருக்கிறது.

ஆர்ச்சரை நான் மிகவும் விரும்பி ஓட்டுவேன். இறக்கை கீழே இருப்பதால் தரையிறங்கும்போது ஒரு நிதானம் இருக்கும். கேபின் அகலம் சுமார் 105 செ.மீ. இந்த ஐந்து செ.மீ. தாளில் அற்பமாகத் தெரியும். என் கணவரின் தோளுக்கு அது பெரிய விஷயம். வலது பக்கம் இறக்கைக்குப் பின்னால் சாமான் கதவு, தரையில் நின்றபடியே நாற்காலியை ஒரே தள்ளில் உள்ளே விடலாம். எரிபொருளுக்கும் நல்ல வசதி. ஒவ்வொரு டேங்கிலும் உள்ள அடையாளத் தகடு வரை நிரப்பினால் பக்கத்துக்கு 64 லிட்டர், மேலிருந்து பார்த்தாலே தெரியும். ஆர்ச்சர் வகையில் பழையதை வாங்க நினைப்பவர்கள் ஆண்டைப் பார்க்க வேண்டும். 1973-இல் ஆர்ச்சரின் முன்னோடியான செரோக்கி 180-இன் உடலைச் சுமார் 13 செ.மீ. நீட்டினார்கள். அதற்கு முந்தையவற்றில் பின் இருக்கையில் பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் முன் இருக்கையில் இடிக்கும்.

ஆனால் ஆர்ச்சருக்குக் கதவு ஒன்றே ஒன்று. வலது பக்கம், இறக்கைக்கு மேலே. எல்லோரும் இறக்கையின் பின் விளிம்பில் படியில் காலை வைத்து, இறக்கை மேல் ஏறி, நடந்து போய், குனிந்து, உள்ளே இறங்க வேண்டும். முதலில் பின்னால் உட்காருகிறவர்கள், அப்புறம் ஓட்டுகிறவர், கடைசியில் முன் வலது பக்கத்துக்காரர். என் கணவர் இறக்கை மேல் நின்று, "அத்தை, வலது காலை முதல்ல வையுங்க, நான் பிடிச்சிருக்கேன்" என்று கை நீட்டினார். அம்மா ஏறிவிட்டார். உள்ளே இறங்கும்போதுதான் சிரமம். ஒற்றைக் காலில் முழு எடையையும் தாங்கி, மடக்கி, தாழ்ந்த இருக்கையில் உட்கார வேண்டும். தேய்ந்த முழங்காலுக்கு அதைவிடக் கொடுமை வேறில்லை. இறங்கும்போது அதே வேலை மேல்நோக்கி. இரண்டாவது தடவை கேட்டபோது அம்மா பேசாமல் தலையை மட்டும் ஆட்டினார். நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவசரம் என்று வந்தால் நால்வரும் அந்த ஒரே கதவு வழியாகத்தான் வெளியே வர வேண்டும், அதற்கு வழிவிட முதலில் எழுந்து போக வேண்டியவர் அந்த முன் இருக்கைக்காரர் என்பதும் எனக்கு உறுத்தியது.

ஆர்ச்சரின் கதவில் இரண்டு பூட்டு உண்டு, பக்கவாட்டில் ஒன்று, மேலே ஒன்று. மேல் பூட்டை மறந்தால் பறக்கும்போது கதவு கொஞ்சம் திறந்து பயங்கரச் சத்தம் போடும். விமானம் பறந்துகொண்டுதான் இருக்கும், திரும்பி வந்து இறங்கிவிடலாம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் அவர் பயந்துபோவார். புறப்படும் முன் நான் அந்த மேல் பூட்டைக் கையால் தொட்டுப் பார்ப்பேன், கண்ணால் பார்ப்பதோடு விடமாட்டேன்.

டயமண்ட் டிஏ40-ஐப் பார்த்தபோது, இதை யோசித்து வரைந்தவர் குடும்பத்தோடு பயணம் செய்கிறவர் என்று தோன்றியது. முன்னால் இருப்பவர்களுக்கு முன்பக்கம் தூக்கும் பெரிய கண்ணாடி விதானம். பின்னால் இருப்பவர்களுக்கு இடது பக்கம் மேல்நோக்கித் திறக்கும் தனிக் கதவு. யாரும் யாருடைய இருக்கையையும் தாண்டிப் போக வேண்டாம். அகலம் 114 செ.மீ. இன்னொன்று, பல பேர் கவனிக்காதது: முன் இருக்கைகள் நகராது. ஓட்டுகிறவரின் உயரத்துக்கு ஏற்ப கால் பெடல்களைத்தான் முன்னும் பின்னும் நகர்த்துகிறோம். 172-இல் உயரமான ஒருவர் இருக்கையைப் பின்னால் தள்ளினால் அவருக்குப் பின்னால் இருப்பவருக்குக் கால் வைக்க இடம் இருக்காது. டிஏ40-இல் முன்னால் யார் உட்கார்ந்தாலும் பின் இருக்கையின் கால் இடம் அதேதான். என் மகன் இதைக் கண்டுபிடித்து, "அம்மா, அப்பா முன்னாடி உக்காந்தாலும் எனக்கு இடிக்கல!" என்று பின்னாலிருந்து கூவினான்.

அம்மா இதிலும் இறக்கை மேல் ஏறித்தான் போக வேண்டும். ஆனால் ஆர்ச்சரைப் போல இறங்கித் திரும்பி நுழைவது இல்லை, பக்கச் சுவரைத் தாண்டிக் காலை உள்ளே வைத்து நேராகப் பின் இருக்கையில் உட்காரலாம். என் கணவரும் மகனும் இரு பக்கமும் பிடித்துக்கொள்ள, முடிந்தது. விதானம் வழியாக வெளியைப் பார்த்து அம்மா சிறு பிள்ளை மாதிரி மகிழ்ந்தார். அதே கண்ணாடி, வெயிலில் நிற்கும்போது உள்ளே அடுப்பாக்கிவிடும். தரையில் ஓடும்போது விதானத்தைச் சிறிது திறந்து வைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

சாமானில்தான் டிஏ40 எங்களுக்குக் கைவிரித்தது. வழக்கமான சாமான் அறையில் 30 கிலோதான் வைக்கலாம். எங்களுடையது 34. அந்த நான்கு கிலோவை ஒருவர் மடியில் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. டிஏ40-இல் ஓட்டும் பிடி இரண்டு கால்களுக்கும் நடுவிலிருந்து எழும்பி நிற்கிறது, முன்னால் இருப்பவர் மடியில் பை வைத்தால் பிடி அதில் இடிக்கும். பின்னால் இருப்பவர் மடியில் கட்டப்படாத பையை வைப்பதை நான் அனுமதிப்பதில்லை. சாமானுக்கு வெளிக் கதவும் இல்லை. எல்லாவற்றையும் பின் இருக்கையின் முதுகுக்கு மேலாகத் தூக்கிப் போட வேண்டும். மூன்று பேர் பயணம் என்றால் கதை வேறு. பின் இருக்கையின் ஒரு முதுகை மடித்துவிட்டால் நாற்காலி அங்கே அழகாகப் படுத்துக்கொள்கிறது. நானும் அம்மாவும் மகனும் மட்டும் போகும்போது எனக்கு டிஏ40-தான் வேண்டும்.

மூனி எம்20-ஐப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு, உள்ளே நெருக்கடி, ஒல்லியானவர்களுக்குத்தான் என்று. அளந்து பார்த்தேன். அகலம் 110 செ.மீ. 172-ஐவிடப் பத்து செ.மீ. கூடுதல்! உயரம்தான் குறைவு. அதனால் கால்களை முன்னால் நீட்டி, பந்தயக் காரில் உட்காருவது போல உட்கார வேண்டியிருக்கிறது. என் கணவர் ஏறும்வரை முனகினார், உட்கார்ந்த பிறகு வசதியாக இருக்கிறது என்றார். ஆனால் பெரும்பாலான மூனிகளுக்கு ஒரே கதவுதான், சாமான் கதவு பக்கவாட்டில் மேலே இருக்கிறது. பையைத் தூக்கி விளிம்பைத் தாண்டிக் கிணற்றுக்குள் இறக்குவது போல இறக்க வேண்டும். எடை வரம்பு 54 கிலோ. வேகமாகப் போக வேண்டிய இருவருக்கு அருமையான விமானம். அம்மாவை அதில் ஏற்றிப் பார்க்கவே இல்லை.

சிரஸ் எஸ்ஆர்22-இல் உட்கார்ந்ததும் நான், கணவர், மகன் மூவரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டோம். 124 செ.மீ. அகலம், 127 செ.மீ. உயரம். எனக்கும் கணவருக்கும் நடுவில் முழங்கை வைக்க இடமிருந்தது. ஓட்டும் பிடி பக்கவாட்டில் இருப்பதால் மடிக்கு முன்னால் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் அகலமான கதவுகள். எண்களிலும் இதுதான் முதலிடம். 2013-க்குப் பிறகு வந்தவற்றில் அதிகபட்ச எடை 1633 கிலோ. கருவிகளோடு வெற்று எடையைக் கழித்தால் சுமார் 600 கிலோ ஏற்றலாம். முழு டேங்க் 348 லிட்டர், அதாவது 250 கிலோ. எங்கள் 309 கிலோவையும் போட்டு, டேங்கையும் நிரப்பி, இன்னும் கொஞ்சம் மிஞ்சுகிறது. நான்கு இருக்கை என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றும் விமானம். சாமான் அறை 59 கிலோ தாங்கும். அதன் பின்சுவருக்கு அப்பால்தான் முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் இருக்கிறது. அந்த இடம் சாமானுக்குப் போயிருக்கலாமே என்று எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை.

ஆனால் சிரஸும் தாழ்ந்த இறக்கை. பின்னாலிருந்து படியில் ஏறி, இறக்கை மேல் நடந்து, முன் கதவு வழியாகத்தான் பின் இருக்கைக்கும் போக வேண்டும். இறக்கையின் சாய்வில் மழை ஈரம் இருந்தது. அம்மா பாதி ஏறிவிட்டு என் கையைப் பிடித்த பிடியில் அவர் பயம் எனக்குத் தெரிந்தது. நான் இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியாக செஸ்னா 182. வெளியிலிருந்து பார்த்தால் 172-இன் அண்ணன் மாதிரி. அகலம் சுமார் 107 செ.மீ. சாமான் 91 கிலோ. அதிகபட்ச எடை 1406 கிலோ, வெற்று எடை சுமார் 900. எங்களை ஏற்றிய பிறகு சுமார் 197 கிலோ எரிபொருள் எடுக்கலாம், சுமார் 273 லிட்டர். மணிக்கு 50 லிட்டர் செலவு என்றாலும், கையிருப்பு போக நான்கு மணி நேரம் தாராளம். அந்த நான்கு மணி நேரத்தை நாங்கள் பயன்படுத்தப் போவதில்லை. ஆனால் போன இடத்தில் எரிபொருள் கிடைக்காவிட்டாலும் திரும்பி வந்துவிடலாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

182-ஐ ஓட்டியவர்கள் எல்லோரும் சொல்வது, அதன் மூக்கு கனம். முன்னால் இருவர் மட்டும் உட்கார்ந்து, பின்னால் காலியாக இருந்தால் மையம் முன் எல்லையை ஒட்டிப் போய்விடும். இறங்கும் கடைசி நொடியில் பிடியை நன்றாக இழுக்க வேண்டும். இழுக்காமல் மூக்குச் சக்கரத்தைத் தரையில் மோதி, அதன் பின்னாலிருக்கும் தீத்தடுப்புச் சுவர் நெளிந்துபோன 182-கள் ஏராளம். பழையதை வாங்குகிறவர்கள் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்ப்பார்கள். எங்களுக்கோ இந்தக் குணமே சாதகம். 172-இல் கணவரைப் பின்னால் அனுப்பியதும் நாற்காலியைப் பின்னறையில் வைத்ததும் கவலையாக இருந்தன. 182-இல் அதே இரண்டும் மூக்கின் கனத்தைச் சமன் செய்கின்றன. முழுக் குடும்பத்தோடு இறங்கும்போது பிடி கையில் இலகுவாக இருந்தது.

ஏறும் படி 172-ஐவிடக் கொஞ்சம் உயரம். அதற்கு ஒரு சின்ன மடக்கு முக்காலி எடுத்துப் போகிறோம், ஒன்றரை கிலோ. அதையும் எடை போட்டுக் கணக்கில் சேர்த்தாகிவிட்டது. அம்மா முன்னால் வலது பக்கம். அவருக்கு முன்னாலும் ஓட்டும் பிடி இருக்கிறது. அதனால் புறப்படும் முன் என் பிடியை முழுக்கப் பின்னால் இழுத்து, அவர் மடியில் எதிலும் தட்டவில்லை என்று பார்த்துக்கொள்கிறேன். கைப்பை அவர் மடியில் இருக்கக் கூடாது என்பதற்கு முதலில் வருத்தப்பட்டார். காரணத்தைச் சொல்லி, பிடி எப்படி நகர்கிறது என்று காட்டியதும் அவரே பையைப் பின்னால் பேரனிடம் கொடுத்து, சாமான் வலைக்குள் போடச் சொல்லிவிடுகிறார்.

வலை என்றதும் நினைவு வருகிறது. வாடகைக்கு எடுத்த ஒரு விமானத்தில் சாமான் வலையின் இரண்டு கொக்கிகள் காணாமல் போயிருந்தன. பதினொரு கிலோ நாற்காலி கட்டப்படாமல் இருந்தால், காற்று குலுக்கும்போது அது பின் இருக்கைக்காரரின் தலைக்குத்தான் வரும். அன்றைக்கு நாங்கள் போகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பட்டைகளை எங்கள் பையிலேயே வைத்திருக்கிறேன், தரையில் இருக்கும் வளையங்களில் மாட்டி இறுக்குவதற்கு. விமானத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த வளையங்கள் எத்தனை, எங்கே என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

எடையைக் கேட்பதற்குச் சங்கடப்படவும் வேண்டாம். பழைய கையேடுகளின் மாதிரிக் கணக்குகளில் ஆளுக்கு 77 கிலோ என்று போட்டிருப்பார்கள். உங்கள் ஆட்கள் அந்த மாதிரி ஆட்கள் இல்லை. நான் வீட்டிலேயே எடைக் கருவியில் நால்வரையும் பயண உடையோடு, காலணியோடு நிறுத்துகிறேன். பைகளையும் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு எடுக்கிறேன். போன மாதம் மகன் இரண்டு கிலோ கூடியிருந்தான். அந்த இரண்டு கிலோவை எரிபொருளில் கழித்தேன்.

182-இல் இறங்கும் வரிசைக்கு ஒரு ஒத்திகையே நடத்தினோம். என் கணவர் அம்மாவுக்குப் பின்னால் இருப்பதால் அம்மா இறங்காமல் அவர் வெளியே வர முடியாது. அம்மாவோ நாற்காலி வராமல் இறங்க முடியாது. ஆகவே நாற்காலியை எடுப்பது என் வேலை. எஞ்சினை அணைத்து, புரொப்பெல்லர் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு, நான் இடது கதவு வழியாக இறங்குகிறேன். முன்பக்கம் போகாமல் நேராகப் பின்னால் நடந்தால் இடது பக்கத்திலேயே சாமான் கதவு. நாற்காலியைக் கடைசியாக ஏற்றியிருப்பதால் திறந்ததும் கைக்கு வருகிறது. முக்காலியை அதன் சட்டத்திலேயே கட்டி வைத்திருக்கிறேன். வாலைச் சுற்றி வலது பக்கம் வந்து, நாற்காலியை விரித்து, பிரேக்கைப் போட்டு, முக்காலியை வைக்கிறேன். அதற்குள் அம்மா வார்ப்பட்டையைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்து, கால்களை வெளியே போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார்.